களைப்பான நாளிலும் முடிகிற அளவே உங்கள் அளவு

கேள்வி: எனக்கு 43 வயது. நாள் முழுவதும் உட்கார்ந்து பார்க்கும் வேலை. காலையில் எழும்போதே அசதியாக இருக்கிறது. மதியத்துக்கு மேல் கண்ணைச் சொருகுகிறது. 'உடம்பை அசைத்தால் எல்லாம் சரியாகிவிடும்' என்று வீட்டில் எல்லோரும் சொன்னதால் மூன்று முறை முயன்று பார்த்தேன். மெதுவோட்டம் தொடங்கினேன், நான்காவது வாரம் முன்னங்கால் எலும்பில் வலி வந்து நிறுத்தினேன். ஜிம்மில் சேர்ந்தேன், ஒரு மாதத்தில் இடுப்பு பிடித்துக்கொண்டது. பிறகு வீடியோ பார்த்து நடன உடற்பயிற்சி செய்தேன். மூன்றாவது வாரம் கணுக்கால் சுளுக்கிக்கொண்டது. அது ஏற்கெனவே இரண்டு முறை சுளுக்கிய கால். சிறு வயதிலிருந்தே என் உடம்பு நன்றாக வளையும். ஆனால் இப்போது எதைத் தொட்டாலும் அடிபடுகிறது. எனக்கு ஒத்துவரும் பாதுகாப்பான உடற்பயிற்சி எது? நடையா, யோகாவா, நீச்சலா? ஸ்மார்ட் வாட்ச் வாங்கிக் கட்டிக்கொண்டால் உதவுமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: இயன்முறை மருத்துவர்

அன்புள்ள வாசகிக்கு,

எந்தப் பயிற்சி என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குப் பதில் சொல்கிறேன். ஆனால் உங்கள் கடிதத்திலேயே அதைவிட முக்கியமான ஒரு தகவல் இருக்கிறது. எழுதிவிட்டு அதைக் கவனிக்காமல் கடந்து போயிருக்கிறீர்கள். ஓட்டம் நான்காவது வாரம் நின்றது. ஜிம் ஒரு மாதத்தில் நின்றது. நடனம் மூன்றாவது வாரம் நின்றது. பயிற்சி மாறியிருக்கிறது, வலித்த இடம் மாறியிருக்கிறது, நின்றுபோன காலம் மட்டும் ஏறக்குறைய மாறவே இல்லை.

இது தற்செயல் அல்ல. பயிற்சி தொடங்கிய முதல் இரண்டு மூன்று வாரங்களில் உடம்பு வேகமாகத் தேறுவதுபோலத் தோன்றும். இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது, மூச்சு வாங்குவது குறைகிறது, இருக்கிற தசையையே திறமையாக வேலை வாங்க நரம்புகள் கற்றுக்கொள்கின்றன. 'பரவாயில்லையே' என்று நமக்கும் உற்சாகம் வந்துவிடுகிறது. ஆனால் தசையை எலும்போடு கட்டியிருக்கும் தசைநாணும், எலும்பும் இந்த வேகத்தில் மாறுவதில்லை. அவை புதிய சுமைக்குத் தக்கபடி தங்களைத் திருத்திக்கொள்ள மாதக்கணக்கில் ஆகும். புதிதாகப் பூசிய சுவர் வெளியே காய்ந்துவிடும், உள்ளே ஈரம் இருக்கும் அல்லவா, அந்த நிலைதான் மூன்றாவது வாரம். அந்த வாரத்தில்தான் நாம் தூரத்தைக் கூட்டுகிறோம், எடையைக் கூட்டுகிறோம், அடுத்த நிலை வீடியோவுக்குத் தாவுகிறோம். மெதுவாக மாறும் பகுதி எதுவோ அது முதலில் முறையிடுகிறது.

ஆகவே உங்களுக்கு எந்தப் பயிற்சியும் ஒத்துக்கொள்ளவில்லை என்ற முடிவுக்கு இப்போதே வர வேண்டாம். உங்கள் தேர்வு மோசமில்லை. அளவும் அதைக் கூட்டிய வேகமும்தான் காரணம் என்பது என் கணிப்பு. அதற்கு வருவதற்கு முன்னால் உங்கள் களைப்பைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

எழும்போதே அசதி என்பதை உடற்பயிற்சிக் குறைவு என்று வீட்டில் உள்ளவர்கள் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். அப்படியும் இருக்கலாம். ஆனால் ஒரு மருத்துவரைப் பார்த்து இரத்தப் பரிசோதனை செய்யும்வரை அந்தத் தீர்ப்பை நான் ஏற்க மாட்டேன். உங்கள் வயதில் பெண்களிடம் முதலில் பார்க்க வேண்டியது இரும்புச் சத்து. கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் ஒரு டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் கீழே போனால் இரத்தசோகை என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுக்கிறது. அதோடு நின்றுவிடாமல் ஃபெரிட்டின் அளவையும் கேட்டுப் பாருங்கள். அது உடலில் உள்ள இரும்பின் கையிருப்பைக் காட்டுவது. ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே கையிருப்பு வற்றிப்போய்க் களைப்பு வருவதுண்டு. மாதவிடாயில் அதிகம் இரத்தம் போகிறவர்களிடம் இது சகஜம். தைராய்டுக்கான டி.எஸ்.எச்., சர்க்கரை, வைட்டமின் பி12, வைட்டமின் டி ஆகியவற்றையும் மருத்துவர் சேர்த்துக்கொள்வார். தைராய்டு குறைவாக வேலை செய்தால் களைப்போடு தசைவலியும் பிடிப்பும்கூட வரும்.

பரிசோதனைச் சீட்டில் வராத காரணங்களும் உண்டு. நீங்கள் குறட்டை விடுகிறீர்களா, உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்று பக்கத்தில் படுப்பவரைக் கேளுங்கள். எட்டு மணி நேரம் தூங்கியும் அசதியோடு எழுகிறவர்களில் பலருக்கு உறக்கத்தில் மூச்சுத் தடைபடும் சிக்கல் இருக்கிறது. தும்மலுக்கும் அரிப்புக்கும் எடுக்கும் சில மாத்திரைகள், இரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகள், மன அழுத்த மருந்துகள் சில, களைப்பைத் தரும். மருந்துப் பட்டியலை அப்படியே மருத்துவரிடம் காட்டுங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். மனச்சோர்வும் உடம்பின் அசதியாகத்தான் பல நேரம் முகம் காட்டும். மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய ஆண்டுகளில் உறக்கம் கலைவதும் இந்த வயதில் தொடங்கலாம்.

இன்னொன்று, நீங்கள் எழுதவில்லை, ஆனால் கேட்டுவிடுகிறேன். ஓட்டமும் ஜிம்மும் தொடங்கியபோது சாப்பாட்டையும் குறைத்தீர்களா? எடை குறைய வேண்டும் என்று இரண்டையும் ஒரே வாரத்தில் தொடங்குகிறவர்கள் அதிகம். செலவு கூடி வரவு குறைந்தால் உடம்பு முதலில் கைவைப்பது பழுது பார்க்கும் வேலையில்தான். எலும்பில் மெல்லிய விரிசல், தவறிப்போகும் மாதவிடாய், ஆறாத தசைவலி, தீராத சோர்வு எல்லாம் அதன் விளைவுகள். விளையாட்டு வீராங்கனைகளிடம் இதற்குத் தனிப் பெயரே இருக்கிறது. நடுவயதில் புதிதாக ஓடத் தொடங்கும் ஒருவருக்கும் இதே கணக்குத்தான். பயிற்சியைத் தொடங்கும் முதல் மூன்று மாதம் வயிறாரச் சாப்பிடுங்கள். எடையைப் பற்றி அப்புறம் பேசலாம்.

இனி ஓர் எச்சரிக்கை. சிறிய வேலை செய்தாலும், அன்று பரவாயில்லாமல் இருந்து, மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ உடம்பு அடித்துப் போட்டதுபோல் விழுந்து, அது பல நாள் நீடிக்கிறதா? தலை மந்தமாகி, பேச்சில் வார்த்தை தடுமாறி, வெளிச்சமும் சத்தமும் தாங்க முடியாமல் போகிறதா? அப்படியானால் அது சாதாரணப் பயிற்சிக் களைப்பு அல்ல. ஏதேனும் வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு, கோவிட் உட்பட, இப்படித் தொடங்கும் நாட்பட்ட களைப்பு நோய் ஒன்று உண்டு. அந்த நோய் உள்ளவர்களைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பயிற்சியைக் கூட்டச் சொல்வதுதான் முன்பு வழக்கம். பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் அந்த முறையை அவர்களுக்குப் பரிந்துரைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அவர்களுக்கு வேண்டியது இருக்கிற சக்திக்குள் நாளைப் பங்கிட்டு வாழும் முறை. நான் கீழே எழுதப்போவது அவர்களுக்குப் பொருந்தாது; இந்த அறிகுறி இருந்தால் இங்கேயே நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள்.

எழுந்து நின்றால் தலை சுற்றி, நெஞ்சு படபடக்கிறதா என்பதையும் கவனியுங்கள். இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அப்படிப்பட்டவர்களுக்கு நின்றபடி செய்யும் பயிற்சியைவிடப் படுத்தபடியும் உட்கார்ந்தபடியும் செய்வதில் தொடங்குவதே நல்லது.

இவையெல்லாம் பார்த்தாகிவிட்டது, அல்லது பார்க்கப்பட்டுக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது உங்கள் உடம்பு 'நன்றாக வளையும்' என்று எழுதிய வரிக்கு வருகிறேன். அதை நீங்கள் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் துப்பு.

கண்ணாடி முன் நின்று ஐந்து விஷயங்களைச் சோதியுங்கள். உள்ளங்கையை மேசைமேல் வைத்து, சுண்டுவிரலை மறு கையால் மேல்நோக்கித் தூக்கினால் செங்குத்தையும் தாண்டிப் பின்னால் சாய்கிறதா? மணிக்கட்டை மடக்கி, கட்டைவிரலை மறு கையால் அழுத்தினால் முன்கையைத் தொடுகிறதா? கையை நீட்டும்போது முழங்கை நேர்கோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் வளைகிறதா? நிற்கும்போது முழங்கால் பின்னோக்கி வில்லாக வளைகிறதா? முழங்காலை மடக்காமல் குனிந்து இரண்டு உள்ளங்கையையும் தரையில் பதிக்க முடிகிறதா? முதல் நான்குக்கும் இரண்டு பக்கத்துக்கும் ஒவ்வொரு மதிப்பெண், கடைசிக்கு ஒன்று, மொத்தம் ஒன்பது. இதற்கு பெய்ட்டன் அளவுகோல் என்று பெயர். 50 வயதுவரை உள்ள பெரியவர்கள் ஐந்து அல்லது அதற்கு மேல் வாங்கினால் மூட்டுகள் பொதுவாகத் தளர்வானவை என்று கொள்கிறோம்.

அது ஒரு நோய் என்று அர்த்தமில்லை. பலர் எந்தத் தொல்லையும் இன்றி வாழ்கிறார்கள். ஆனால் தளர்ந்த மூட்டை நிலையாகப் பிடித்துக்கொள்ளத் தசை கூடுதலாக உழைக்க வேண்டும். நின்றுகொண்டிருப்பதற்கே மற்றவர்களைவிட அதிகச் சக்தி போகலாம். தசை களைத்துவிட்டால் கணுக்கால் பிரளும். களைப்பும் அடிபடுதலும் சேர்ந்தே வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

யோகாவைப் பற்றிய பதில் இங்கேயே கிடைத்துவிடுகிறது. மூட்டு தளர்வானவர்களுக்கு யோகா வகுப்பு இனிக்கும், ஏனென்றால் மற்றவர்கள் திணறுவது அவர்களுக்கு எளிதாக வரும். பாராட்டும் கிடைக்கும். அந்தப் பாராட்டில் மூட்டின் கடைசி எல்லைவரை போய்த் தொங்குவார்கள். பிடிப்பாக இருக்கிறது என்று நீட்டி நீட்டிப் பார்ப்பார்கள். அந்தப் பிடிப்போ, தளர்ந்த மூட்டைக் காப்பாற்றத் தசை போட்டுவைத்த முட்டுக்கட்டை. ஆகவே மதிப்பெண் ஐந்தோ அதற்கு மேலோ வந்தால், நீட்டும் பயிற்சிகளை இப்போதைக்கு ஒதுக்குங்கள். ஆசனம் செய்துதான் ஆக வேண்டும் என்றால் உங்களால் முடிவதில் முக்கால் பங்கோடு நிறுத்தி, அங்கே தசையை இறுக்கிப் பிடித்து நில்லுங்கள். ஆசிரியர் இன்னும் கொஞ்சம் என்று முதுகில் கைவைத்து அழுத்த வந்தால், வேண்டாம் என்று சொல்லத் தயங்காதீர்கள்.

சரி, அளவு. இதைத்தான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல நினைக்கிறேன்.

எல்லோரும் நல்ல நாளில்தான் உடற்பயிற்சியைத் தொடங்குகிறார்கள். இரவு நன்றாகத் தூங்கியிருப்பார்கள், வேலை குறைவாக இருக்கும், மனம் தெளிவாக இருக்கும். 'இன்று தொடங்கிவிடலாம்' என்று முக்கால் மணி நேரம் நடப்பார்கள். அந்த முக்கால் மணி நேரமே மனத்தில் அளவாகப் பதிந்துவிடும். நான்கு நாள் கழித்து ஒரு கெட்ட நாள் வரும். ஒன்று, அன்றும் பல்லைக் கடித்துக்கொண்டு முக்கால் மணி நடப்பார்கள். அல்லது ஒன்றுமே செய்யாமல் படுத்துவிட்டுக் குற்ற உணர்ச்சியில் மறுநாள் ஒரு மணி நேரம் நடப்பார்கள். இரண்டிலும் சேதம்தான்.

நீங்கள் தலைகீழாகச் செய்யுங்கள். அடுத்த இரண்டு வாரம் பயிற்சி எதுவும் புதிதாகத் தொடங்க வேண்டாம். ஒரு நோட்டில் தினமும் மூன்று விஷயங்களை மட்டும் எழுதுங்கள்: காலை எழுந்ததும் களைப்புக்குப் பத்துக்கு எத்தனை, அன்று நடந்தது நின்றது எவ்வளவு, எங்காவது வலி உண்டா. வீட்டைச் சுத்தம் செய்தது, மாடிப்படி ஏறி இறங்கியது, சுமை தூக்கியது எல்லாமே கணக்கில் வரும். உடம்புக்கு வேலையும் சுமைதான், பயிற்சியும் சுமைதான். அது தனித்தனியாகக் கணக்கு வைத்துக்கொள்வதில்லை.

இரண்டு வாரத்தில் மிக மோசமான நாள் எது என்று தெரிந்துவிடும். அப்படிப்பட்ட நாளிலும், மறுநாள் காலை கூடுதல் அசதி இல்லாமல் எவ்வளவு நடக்க முடியும் என்று யோசியுங்கள். எட்டு நிமிடம் என்று தோன்றினால் உங்கள் அளவு ஆறு நிமிடம். ஆமாம், ஆறுதான். சிரிப்பு வரும். யாரிடமும் சொல்லிக்கொள்ளக் கூச்சமாக இருக்கும். சொல்லாமலே நடங்கள்.

இந்த ஆறு நிமிடத்தைக் கெட்ட நாளில் நடப்பதைவிட நல்ல நாளில் ஆறோடு நிறுத்துவதுதான் சிரமம். நல்ல நாள்தான் உங்களுக்கு ஆபத்தான நாள். 'இன்னும் ஒரு சுற்று வரலாமே' என்று கால் கேட்கும்போதே வீட்டுக்குத் திரும்ப வேண்டும். முதல் இரண்டு வாரம் இதில் ஒரு நிமிடம்கூடக் கூட்டக் கூடாது.

வேகம் எப்படி? நடந்துகொண்டே முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். தொடக்கத்தில் ஒரு பாட்டை முணுமுணுக்கவும் முடிய வேண்டும். வியர்க்கவில்லை, மூச்சு வாங்கவில்லை, இதெல்லாம் ஒரு பயிற்சியா என்று வீட்டில் கேட்பார்கள். களைப்பைக் குறைப்பதில் மெதுவான பயிற்சி சளைத்ததல்ல. அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில், தீராத களைப்பு இருப்பதாகச் சொன்ன, உடற்பயிற்சிப் பழக்கம் இல்லாத இளைஞர்களை வைத்து ஓர் ஆய்வு நடத்தி 2008இல் வெளியிட்டார்கள். ஒரு குழு ஆறு வாரம், வாரத்துக்கு மூன்று முறை நடுத்தர வேகத்தில் நிலைச் சைக்கிள் மிதித்தது. ஒரு குழு மெதுவாக மிதித்தது. இன்னொரு குழு எதுவும் செய்யவில்லை. மிதித்த இரு குழுவுக்கும் சுறுசுறுப்பு ஏறக்குறைய ஒரே அளவில் கூடியது. களைப்பு அதிகம் குறைந்ததோ மெதுவாக மிதித்தவர்களுக்கு. சிறிய ஆய்வுதான், பங்கேற்றவர்கள் உங்களைவிட இளையவர்கள். இருந்தாலும் நாங்கள் தினமும் பார்ப்பதோடு அது ஒத்துப்போகிறது.

நடையோடு, வாரத்தில் இரண்டு நாள் தசைக்கு வேலை கொடுக்க வேண்டும். இடையில் இரண்டு நாளாவது இடைவெளி இருக்கட்டும். உங்களைப் போன்றவர்களுக்கு நடையைவிட இதுதான் மருந்து என்பேன். ஆனால் இதைத்தான் முதலில் விட்டுவிடுவார்கள்.

ஒரே ஒரு பயிற்சியை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதை ஒழுங்காகச் செய்தால் பாதி வேலை முடிந்தது. நாற்காலியிலிருந்து எழுவதும் உட்காருவதும். நகராதபடி நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். இருக்கையின் முன்பாதியில் உட்காருங்கள். பாதங்கள் இடுப்பு அகலத்தில், குதிகால் முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இருக்கட்டும். மூக்கு கால்விரல்களுக்கு நேர்மேலே வரும்வரை முன்னால் சாய்ந்து, பாதம் முழுவதையும் தரையில் அழுத்தி எழுங்கள். எழுந்ததும் முழங்காலைப் பின்னால் தள்ளிப் பூட்டிவிடாதீர்கள். வளையும் உடம்புக்காரர்கள் எல்லோரும் செய்வது அது. பூட்டுவதற்கு ஒரு நூலிழை முன்னால் நிறுத்தினால் தொடைத் தசை விழித்திருப்பது தெரியும். இப்போது நான்கு எண்ணிக்கொண்டே மெதுவாக இறங்குங்கள். பிட்டம் இருக்கையைத் தொடுவதற்கு முந்தைய இரண்டு அங்குலத்தில்தான் எல்லோரும் பொத்தென்று விழுவார்கள். அந்த இரண்டு அங்குலத்தில்தான் பயிற்சியே இருக்கிறது. முழங்கால்கள் ஒன்றையொன்று நோக்கிச் சரிகின்றனவா என்று பாருங்கள். சரிந்தால் இருக்கையின்மேல் ஒரு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஐந்து முறை போதும்.

அதனுடன் சுவரில் கைவைத்துத் தள்ளும் தண்டால் ஐந்து முறை, முழங்கையைப் பூட்டாமல். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்கி இறக்குவது ஐந்து முறை. இடுப்பு பிடித்துக்கொண்ட உங்களுக்கு இது தேவை. சுவரைப் பிடித்தபடி குதிகாலை உயர்த்தி மெதுவாக இறக்குவது ஐந்து முறை; உயரும்போது கணுக்கால் வெளிப்பக்கம் சாயாமல், எடை கட்டைவிரல் பக்கம் இருக்கட்டும். மொத்தமும் பத்து நிமிடத்தில் முடியும்.

அந்தக் கணுக்காலை விட்டுவிடாதீர்கள். ஒரு முறை சுளுக்கிய கணுக்கால் மறுபடி சுளுக்க ஒரு காரணம், பாதம் எப்படிச் சாய்ந்திருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் உணர்வு மங்கிப்போவது. வலி போய்விட்டது என்று அந்த உணர்வைத் திருப்பிக் கொண்டுவராமலே நடனத்துக்குப் போய்விட்டீர்கள். தினமும் பல் துலக்கும்போது சுவரோரம் நின்று, ஒரு காலைச் சற்றே தூக்கி, பத்து பத்து விநாடி நில்லுங்கள். ஆடாமல் நிற்க முடிந்த பிறகு தலையை மெதுவாக இடம் வலம் திருப்பிக்கொண்டே நிற்கலாம். சமநிலைப் பயிற்சி மறு சுளுக்கைக் குறைக்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு.

நீச்சலைப் பற்றிக் கேட்டீர்கள். குளம் பக்கத்தில் இருந்து, போய்வருவதே ஒரு வேலையாக ஆகாது என்றால் தாராளமாக. நீந்தத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. தண்ணீரில் நடந்தாலே போதும். இடுப்பளவுத் தண்ணீரில் கால்கள் தாங்குவது உடல் எடையில் ஏறக்குறைய பாதி, நெஞ்சளவில் மூன்றில் ஒரு பங்கு. ஆனால் தண்ணீரில் களைப்பு தெரியாது, கரையேறிய பிறகுதான் தெரியும். அங்கும் முதல் நாள் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். எலும்புக்குத் தரையில் நிற்கும் எடையும் தேவை என்பதால் தண்ணீரை மட்டும் நம்பியிருக்கவும் வேண்டாம்.

வலியை எப்படிப் படிப்பது? மெதுவாக இறங்கும் பயிற்சி செய்த மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் தொடையில் பரவலாக வலிக்கும். தொட்டால் வலிக்கும், அசைத்தால் கொஞ்சம் இளகும், மூன்றாவது நான்காவது நாள் போய்விடும். அது காயமல்ல. பயிற்சியின்போது ஒரு மூட்டிலோ தசைநாணிலோ பத்துக்கு மூன்றுக்குள் வலி வந்து, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்குத் திரும்பினால் அதே அளவில் தொடரலாம். திரும்பாவிட்டால் பாதியாகக் குறையுங்கள். சுருக்கென்று குத்தும் வலி, மூட்டில் வீக்கம், ஓய்வில் இருக்கும்போதும் இரவிலும் வலி என்றால் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். முன்னங்கால் எலும்பில் மறுபடி வலி வந்தால் விரலால் தடவிப் பாருங்கள்: எலும்பின் ஓரமாக நீளவாக்கில் வலித்தால் ஒரு கதை, ஒற்றை விரல் நுனியளவு இடத்தில் உயிர் போகிற வலி என்றால் அது எலும்பு விரிசலாக இருக்கலாம், அதன்மேல் நடந்து பார்த்துச் சோதிக்கக் கூடாது. நெஞ்சு வலி, மயக்கம், பழக்கமில்லாத மூச்சுத் திணறல், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருப்பது, இவற்றுக்கெல்லாம் இயன்முறை மருத்துவர்வரை காத்திருக்க வேண்டாம். நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

எப்போது கூட்டுவது? இரண்டு வாரம் ஒரே அளவில் செய்து, காலைக் களைப்பின் மதிப்பெண் ஏறாமல் இருந்தால். ஒரே சமயத்தில் ஒன்றை மட்டும் கூட்டுங்கள். வாரத்தில் நான்கு நாள் நடந்தால் முதலில் ஐந்து நாளாக்குங்கள். பிறகு ஆறு நிமிடத்தை எட்டாக்குங்கள். வேகமும் மேடும் கடைசி. நாற்காலிப் பயிற்சியில் ஐந்தை எட்டாக்கி, இரண்டு சுற்றாக்கி, அதன் பிறகே தலையணையை எடுங்கள். மூன்றாவது நான்காவது வாரத்தில் உற்சாகம் பொங்கும். உங்கள் வரலாறு தெரியும் என்பதால் சொல்கிறேன்: களைப்பின் மதிப்பெண் ஏறாவிட்டாலும் அந்த இரண்டு வாரமும் எதையும் கூட்டாதீர்கள்.

கெட்ட நாள் வந்தால் பாதி. அதுவும் முடியாவிட்டால் படுத்தபடி இடுப்புத் தூக்குவதை மட்டும் மூன்று முறை செய்துவிட்டு நோட்டில் எழுதுங்கள். காய்ச்சல் இருக்கும்போது ஒன்றும் வேண்டாம். ஒரு வாரத்துக்கு மேல் விட்டுப்போனால், விட்ட இடத்திலிருந்து தொடங்காமல் பாதியிலிருந்து தொடங்குங்கள். விட்டதைப் பிடிக்கிறேன் என்று யாரும் இரட்டிப்பாக மாத்திரை சாப்பிடுவதில்லை; பயிற்சியில் மட்டும் ஏன் அப்படி நினைக்கிறோம் என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை.

வாரத்துக்கு 150 நிமிடம் என்ற கணக்கைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. 2020இல் அவர்களே அதைத் திருத்தி எழுதும்போது, ஒரே தடவையில் குறைந்தது பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். கொஞ்சமாகச் செய்வதும் ஒன்றும் செய்யாததைவிட மேல் என்றும் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் ஆறு நிமிடமும் அந்தக் கணக்கில் சேரும். 150ஐ எட்ட உங்களுக்கு எட்டு மாதமோ ஒரு வருடமோ ஆகலாம். ஆகட்டும்.

மூன்று மாதம் இப்படிச் செய்தும் அதே இடத்தில் காயம் திரும்பினால், ஓர் இயன்முறை மருத்துவரை நேரில் பாருங்கள். போகும்போது அந்த நோட்டை எடுத்துப் போங்கள். எந்த ஸ்கேன் படத்தையும்விட அது எங்களுக்கு உதவும். பெய்ட்டன் மதிப்பெண்ணையும் முதல் பக்கத்தில் எழுதிவைத்தால், பார்த்த உடனே நீட்டும் பயிற்சியை எழுதித் தந்துவிடும் அவசரக்காரர்களிடமிருந்து தப்பிக்கலாம்.

கடைசியாக ஸ்மார்ட் வாட்ச். இப்போது வேண்டாம். ஒரு நாளைக்குப் பத்தாயிரம் காலடி என்ற இலக்கு, 1960களில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த, காலடி எண்ணும் ஒரு கருவியின் விளம்பரத்தோடு பரவியது; மருத்துவர்கள் ஆராய்ந்து குறித்த அளவல்ல. உங்களிடம் இருக்க வேண்டியது, 'போதும், நிறுத்து' என்று சொல்லும் கருவி. இந்த வாட்ச்களோ மாலை ஆறு மணிக்கு மணிக்கட்டில் அதிர்ந்து, இன்னும் மூவாயிரம் அடி பாக்கி என்று நினைவூட்டும். அதுவும் நீங்கள் களைத்துக் கிடக்கும் நாளில்தான் அதிகம் நினைவூட்டும். யாராவது பரிசாகக் கொடுத்துவிட்டால் அந்த நினைவூட்டலை அணைத்துவிட்டு, காலையில் படுக்கையை விட்டு எழுவதற்கு முன் நாடித்துடிப்பை மட்டும் பார்த்து நோட்டில் எழுதுங்கள். வழக்கத்தைவிட அது கணிசமாக ஏறியிருக்கும் நாட்களில், தூக்கம் போதவில்லையோ காய்ச்சல் வரப்போகிறதோ, பாதி அளவோடு நிறுத்திக்கொள்ளலாம்.